ஓங்கி அடித்தால் ஓடுமா பந்து?

"உடம்பில் பலம் இருந்தால் போதும். ஓங்கி ஒரு அடி! பந்து பறந்து போய்விடும்!"

கோல்ப் ஆட்டத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவர்கள் கையில் மட்டையைக் கொடுத்துப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்குவார்கள். "விர்" என்று வீசுவார்கள். பந்து வைத்த இடத்திலேயே இருக்கும். புல்லும் மண்ணும் பெயர்ந்து பறக்கும். இன்னொரு தடவை இன்னும் ஆத்திரத்தோடு வீசுவார்கள். பந்து பத்தடி தூரம் உருண்டு, கேலி செய்வதுபோல நின்றுவிடும்.

நன்றாகப் பழகிய 12 வயதுச் சிறுமி ஒருத்தி அதே பந்தின் முன்னால் நிற்கட்டும். அவள் மட்டையை நிதானமாகத் தூக்குவாள். பதற்றம் இல்லாமல் இறக்குவாள். "டக்" என்று ஒரு சத்தம். பந்து 100 கஜத்துக்கு அப்பால் போய் விழும்.

பயில்வானுக்கு முடியாதது சிறுமிக்கு எப்படி முடிந்தது?

மந்திரம் இல்லை. மாயம் இல்லை. தாளம்தான் காரணம்.

அந்தத் தாளத்தைப் பழகினால் யாருக்கும் வரும். அதற்குப் பணம் வேண்டாம். பச்சைப் பசேல் என்ற மைதானமும் வேண்டாம். சிவகங்கை மாவட்டத்து இளையாத்தங்குடி போன்ற ஊரில், வீட்டு வாசலில், ஒரு கம்பை வைத்துக்கொண்டே பழகலாம். "பணக்காரர் ஆட்டம், நமக்கு எதற்கு?" என்று தள்ளிவிடாமல், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஏன்? காரணங்கள் உண்டு.

என்ன ஆட்டம் இது?

கோல்ப் ஆட்டம் பார்க்க எளிது. ஒரு சிறிய வெள்ளைப் பந்து. எடை 46 கிராமுக்கு உள்ளே. அதை நீளமான மட்டையால் அடித்து, தூரத்தில் இருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். முழு மைதானத்தில் இப்படி 18 குழிகள் இருக்கும். யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டம் புதியது அல்ல. கொடைக்கானலில் 1895ல் கோல்ப் கிளப் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் இன்னும் முன்னால், 1829லேயே தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழமையான கோல்ப் கிளப் அதுதான்.

செட்டிநாட்டுக்காரர்கள் கொண்டுவிற்கப் போன மலேயாவிலும் கோல்ப் உண்டு. கோலாலம்பூரில் 1893ல் கிளப் ஏற்பட்டது. பிற்காலத்தில் எம். ராமையா, பி. குணசேகரன் என்ற பெயர்கள் மலேசியாவின் தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர்கள் வரிசையில் இடம் பெற்றன. பெயரைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று!

ஒரே ஒரு நொடி

கோல்ப் பந்தை அடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

சுமார் ஒரு நொடி. அவ்வளவுதான்! மட்டை பந்தை விட்டுப் பின்னால் கிளம்பி, தோளுக்கு மேலே ஏறி, மறுபடி இறங்கிப் பந்தைத் தொடும் வரை ஆகும் நேரம் அது. மட்டையும் பந்தும் ஒட்டி இருக்கும் நேரம் இன்னும் குறைவு. ஒரு நொடியை 2 ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு!

கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும் காரியம். இதில் யோசிக்க நேரம் ஏது? "இப்போது முழங்கையை மடக்கு, இப்போது இடுப்பைத் திருப்பு" என்று மூளை கட்டளை போட்டுக்கொண்டிருக்க முடியாது. உடம்புக்கே பழகி இருக்க வேண்டும்.

அந்த ஒரு நொடிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஜான் நோவோசல் என்பவர் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் படங்களை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு நொடிக்கு 30 படம் வீதம் ஓடும் காட்சிகள். ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணினார். மட்டை மேலே ஏற 24 படம். கீழே இறங்கிப் பந்தைத் தொட 8 படம். இன்னொருவருக்கு 21, 7. மற்றொருவருக்கு 27, 9.

எண்கள் வேறு வேறு. ஆனால் கணக்கு ஒன்றே! ஏறுவதற்கு மூன்று பங்கு நேரம். இறங்குவதற்கு ஒரு பங்கு நேரம். 3க்கு 1.

இதை அவர் 2004ல் புத்தகமாக வெளியிட்டார். அதுவரை "மெதுவாக ஆடு, மெதுவாக ஆடு" என்று மட்டுமே சொல்லி வந்தார்கள். மெதுவாக ஆடுவது முக்கியம் அல்ல, அளவோடு ஆடுவதே முக்கியம் என்பது அதற்குப் பிறகு தெளிவாகத் தெரிந்தது.

சிலர் பிறவியிலேயே துடிப்பானவர்கள். சிம்பாப்வே நாட்டு நிக் பிரைஸ் சட்டென்று வீசுவதில் பெயர் பெற்றவர். தென்ஆப்பிரிக்க நாட்டு எர்னி எல்ஸ், தூக்கக் கலக்கத்தில் ஆடுவதுபோலச் சாவகாசமாக வீசுவார். 1994ல் பிரைஸ் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் எல்ஸ் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். வேகக்காரரும் வென்றார். நிதானக்காரரும் வென்றார். அவரவர் தாளம் அவரவருக்கு. அந்தத் தாளம் அடிக்கு அடி மாறக் கூடாது. அதுதான் விஷயம்.

அவசரம் செய்யும் கெடுதல்

பதறிய காரியம் சிதறும் என்பது பழமொழி. கோல்ப் ஆட்டத்தில் அது கண்ணெதிரே நடக்கும்.

ஒழுங்காக வீசும்போது முதலில் இடுப்பு திரும்புகிறது. பிறகு தோள். பிறகு கை. பிறகு மணிக்கட்டு. கடைசியில் மட்டையின் தலை. ஒன்றின் வேகத்தை அடுத்தது வாங்கிக்கொள்கிறது. மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவது இப்படித்தான். கைப்பிடி கொஞ்சம்தான் அசைகிறது. நுனி "சுரீர்" என்று பாய்கிறது.

அவசரப்படுகிறவர் என்ன செய்கிறார்? மட்டை மேலே ஏறி முடிப்பதற்குள் கையால் பிடுங்கி இழுக்கிறார். இடுப்புக்கு முன்னால் கை வந்துவிடுகிறது. வரிசை குலைகிறது. சாட்டை கம்பாகிவிடுகிறது! பலம் எல்லாம் பாதி வழியிலேயே செலவாகிவிடுகிறது. பந்தைத் தொடும்போது வேகம் இல்லை.

அடி தவறியதும் அவருக்கு ஆத்திரம் வருகிறது. அடுத்த தடவை இன்னும் அவசரப்படுகிறார். இன்னும் தவறுகிறது. முதுகு பிடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

பந்தயத்தில் தோற்கிறவர்கள் பலர் இப்படித்தான் தோற்கிறார்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. பயம் வந்ததும் தாளம் ஓடிவிடுகிறது.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

இளையாத்தங்குடி நகரத்தாரின் ஒன்பது கோவில் ஊர்களில் ஒன்று. கைலாசநாதரும் நித்திய கல்யாணி அம்மனும் கோவில் கொண்ட ஊர். 1962ல் ஆகமம், சிற்பம், நாட்டியம் முதலிய கலைகளில் தேர்ந்தவர்கள் இங்கே கூடி சதஸ் நடத்தினார்கள். இப்படிப்பட்ட ஊரில் தாளம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியது இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் ஊஞ்சல் உண்டு. குழந்தையை உட்காரவைத்து ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சல் மேலே போய், ஒரு கணம் நின்று, திரும்பும். திரும்பும் அந்தக் கணத்தில் லேசாகத் தள்ளினால் போதும். ஆட்டம் பெருகும். வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுத் தள்ளினால் என்ன ஆகும்? ஊஞ்சல் கோணும். குழந்தை அலறும்.

கோல்ப் மட்டையும் ஊஞ்சல்தான். உச்சிக்குப் போய் அது திரும்பும் கணம் ஒன்று உண்டு. அதற்காகக் காத்திருக்கத் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர். ஜப்பான் நாட்டு ஹிதேகி மட்சுயாமா உச்சியில் மட்டையை நிறுத்திவிட்டு அப்புறம் இறக்குவதுபோலவே தோன்றும். அவர் 2021ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஜப்பானியர் அவரே.

ஊஞ்சலில் இன்னொரு அதிசயமும் உண்டு. சிறிதாக ஆடினாலும், சற்றுப் பெரிதாக ஆடினாலும், ஒரு தடவை போய்வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை உருட்டி விடும் அடிக்கு இதுவே இலக்கணம். பந்து தூரத்தில் இருந்தால் மட்டையைக் கூடுதலாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நேரத்தை மாற்றக் கூடாது. தூரம் மாறலாம், தாளம் மாறக் கூடாது.

உலக்கையைப் பாருங்கள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தி உலக்கை ஏறும்போது மற்றவள் உலக்கை இறங்கும். பேசிக்கொண்டே குத்துவார்கள். ஒரு கணம் தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். மோதாமல் ஒரு மூட்டை நெல்லைக் குத்தி முடித்த ஆச்சிமார்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பள்ளியிலும் தாளம் படிக்கவில்லை. பழகினார்கள். அவ்வளவுதான்.

தகதிமி தா!

தவில் கற்கும் பிள்ளை எடுத்த எடுப்பிலேயே தவிலை அடிப்பதோடு நிற்பது இல்லை. வாயால் சொல்லப் பழகுகிறான். "தகதிமி, தகதிமி" என்று சொல்லிச் சொல்லி, அது நாக்கிலும் மனசிலும் ஊறிய பிறகு கை தானாகப் பேசுகிறது.

கோல்ப் மட்டைக்கும் இந்தச் சொல்லே போதும்.

"த" என்று சொல்லும்போது மட்டை கிளம்பட்டும். "க", "தி" என்னும்போது ஏறட்டும். "மி" என்னும்போது உச்சியைத் தொடட்டும். "தா" என்னும்போது பந்தைத் தொடட்டும்.

எண்ணிப் பாருங்கள். "த"விலிருந்து "மி" வரை மூன்று இடைவெளி. "மி"யிலிருந்து "தா" வரை ஒரு இடைவெளி. 3க்கு 1! அமெரிக்காவில் படம் படமாக நிறுத்திக் கண்டுபிடித்த கணக்கு, கல்யாண வீட்டுத் தவில்காரரின் வாயில் இருக்கிறது!

மேல்நாட்டில் இதற்குத் தாளக் கருவியை வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். "டிக், டிக்" என்று அது தட்டும். இப்போது செல்போனிலேயே அந்தக் கருவி வந்துவிட்டது. இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறை இல்லை. வாய் இருக்கிறது.

பழகும் முறை

எப்படிப் பழகுவது? வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் இதோ:

முதலில் பந்து வேண்டாம். பந்தைக் கண்டால் ஆசை வரும். ஆசை வந்தால் அவசரம் வரும். பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு மெல்லிய கம்பு போதும். இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பு உயரம் வரை மட்டும் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீச வேண்டும். "தகதிமி தா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் மிக மெதுவாகச் சொல்லலாம்.

இரண்டாவது, துணிப் பாடம். ஒரு பழைய துண்டை எடுங்கள். நுனியில் பெரிய முடிச்சு ஒன்று போடுங்கள். மறுநுனியை இரண்டு கையாலும் பிடித்து வீசுங்கள். தாளத்தோடு வீசினால் துண்டு விறைப்பாக நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் துவண்டு விழும். துணி பொய் சொல்லாது!

இந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு வீரர் இருக்கிறார். இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஜோன்ஸ் கோல்ப் ஆட்டக்காரர். முதல் உலகப் போரில் 1916ல் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மற்றவராக இருந்தால் மட்டையை மூலையில் போட்டிருப்பார். அவர் ஒற்றைக் காலோடு மறுபடி ஆடினார். நன்றாகவும் ஆடினார்! கால் இல்லாமலே பந்து போகிறது என்றால், வீச்சின் உயிர் எங்கே இருக்கிறது என்று யோசித்தார். கைக்குட்டையின் நுனியில் சிறு பேனாக் கத்தியைக் கட்டி ஆட்டிக் காட்டி, அமெரிக்காவில் பல ஆண்டுகள் பாடம் சொன்னார். கத்தியை வீச வேண்டும், துணியை இழுக்கக் கூடாது என்பதே அவர் பாடம்.

மூன்றாவது, இரண்டு காலையும் ஒட்டிவைத்து நின்று வீசுவது. அவசரப்பட்டால் உடம்பு தள்ளாடும். தாளத்தோடு வீசினால் நிலையாக நிற்கும். உடம்பே வாத்தியார் ஆகிவிடுகிறது.

நான்காவது, கண்ணை மூடிக்கொண்டு வீசுவது. கண் மூடினால் கையின் பேச்சு காதில் விழும். இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

ஐந்தாவதாகத்தான் பந்து. உண்மையான பந்து வேண்டாம். துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து போதும். பத்து தடவை பந்து இல்லாமல் வீசு, ஒரு தடவை பந்தோடு வீசு என்று வைத்துக்கொள்ளலாம். தாளம் கெட்டால் மறுபடி பந்து இல்லாமல் பழக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கம்பு வீசும் பிள்ளையைச் சுற்றிப் பதினைந்து அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. சின்னக் குழந்தைகள் ஓடி வருவார்கள். கவனம் தேவை.

கொஞ்சம் கொஞ்சமாக

"ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் பழகிவிட்டால் போதாதா?"

போதாது! தினம் கால் மணி நேரம்தான் மேல்.

இதை நிரூபித்த தபால்காரர்கள் உண்டு. இங்கிலாந்தில் தபால்காரர்களுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் பாடம். இன்னொரு கூட்டத்துக்கு நாளைக்கு நாலு மணி நேரம் பாடம். 1978ல் முடிவு வெளிவந்தது. தினம் ஒரு மணி நேரம் படித்தவர்களுக்குக் கற்றுக்கொள்ள மொத்தத்தில் குறைந்த மணி நேரமே பிடித்தது! நாள்கள் கூடுதலாக ஆயின. ஆனால் உழைப்பு மிச்சம்.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் தபால்காரர்களுக்கே இது பிடிக்கவில்லை. நாள் அதிகமாகிறதே என்று குறைப்பட்டார்கள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது?

கைத்தொழிலும் ஆட்டமும் இரவில் தூங்கும்போதும் உடம்பில் ஊறுகின்றன. தோசை மாவு புளிக்க ஒரு இரவு வேண்டும். அடுப்பை எரித்து அவசரப்படுத்த முடியுமா?

ஆற்றங்கரையில் ஒரு கம்பு

"இதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கிறது. கம்பை வைத்துக்கொண்டு பழகி யார் ஜெயித்தார்கள்?"

ஜெயித்தவர் உண்டு.

1860ம் ஆண்டு நவம்பர் 16ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" கப்பல் தென்ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன இந்தியர்கள் அதில் இருந்தார்கள். அவர்களைப்போலக் கடல் கடந்தவர்களின் வழியில் பிறந்தவர் பாப்வா சிவ்கோலும். ஏழை வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு இல்லை. கம்பை வைத்துக்கொண்டு தானே அடிக்கப் பழகியவர். பிறகு வெள்ளைக்காரர்களுக்குப் பை தூக்கினார்.

யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் கையை மாற்றிப் பிடித்தார்! வலது கைக்காரர்கள் வலது கையைக் கீழே பிடிப்பார்கள். அவர் இடது கையைக் கீழே பிடித்தார். புத்தகப்படி அது தவறு. ஆனால் அவருடைய வீச்சில் தாளம் இருந்தது. 1959ல் ஹாலந்து ஓபன் பட்டத்தை வென்றார். 1960லும் வென்றார். 1964லும் வென்றார்!

1963ல் டர்பனில் நடந்த நேட்டால் ஓபன் பந்தயத்திலும் அவரே முதல்வர். ஆனால் அவருடைய தோல் கறுப்பு. வெள்ளைக்காரர்களின் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே, மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து உலகமே வெட்கப்பட்டது.

1965ல் அதே பந்தயத்தில், உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார். பிறகு அவர் ஆட முடியாதபடி அரசாங்கம் தடை போட்டது. 1978ல் அவர் காலமானார். இன்று டர்பனில் ஒரு கோல்ப் மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

பட்டத்தைப் பறிக்கலாம். கதவைச் சாத்தலாம். பழகிய தாளத்தை யாராலும் பறிக்க முடியவில்லை.

பை தூக்கியவர்கள்

இந்தியாவிலும் கதைகள் உண்டு.

அலி ஷேர் டெல்லியில் பை தூக்கி வளர்ந்தவர். 1991ல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். 1993லும் வென்றார்.

கல்கத்தாவின் சவுராசியாவுக்குத் தந்தை, கோல்ப் மைதானத்தில் புல்லைப் பராமரித்த தொழிலாளி. மகன் அங்கேயே ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். 2016லும் 2017லும் அடுத்தடுத்து இந்திய ஓபன் பட்டம் அவருக்கே!

பெங்களூரின் சின்னசாமி முனியப்பாவும் பை தூக்கியவர்தான். 2009ல் இந்திய ஓபன் பட்டம் அவர் கையில்!

பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி விஜய் சிங் உழைப்புக்கே உதாரணம். பொழுது சாய்ந்த பிறகும் தனியாக நின்று பழகுவார் என்பது அவருடைய புகழ். 2004ல் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் 9 பந்தயங்களை வென்றார். டைகர் உட்சைப் பின்னுக்குத் தள்ளி உலகின் முதல் ஆட்டக்காரர் ஆனார். அப்போது அவருக்கு வயது 41!

பெண்கள்? பெங்களூரின் அதிதி அசோக் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பெற்றார். ஒரே ஒரு அடியில் பதக்கம் தவறியது. அவர் பந்தை வெகு தூரம் அடிக்கிற பலசாலி அல்ல. நிதானமும் குறி தவறாத உருட்டலும் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின.

அதே ஒலிம்பிக்கில் ஆடிய தீக்சா தாகருக்குச் சிறு வயது முதல் செவித்திறன் குறைவு. 2022ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார். தாளம் காதில் மட்டும் இல்லை, உடம்பு முழுவதும் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பணக்காரர் ஆட்டமா?

"இருந்தாலும் கோல்ப் பணக்காரர் ஆட்டம்தானே?"

இதை மறுக்க முடியாது. மட்டைகள் விலை அதிகம். கிளப்பில் சேரப் பணம் வேண்டும். பல ஊர்களில் மைதானத்தின் கதவு பொது ஜனங்களுக்குத் திறப்பதும் இல்லை. இது மாற வேண்டும்.

ஆனால் ஆட்டத்தில் மிகக் கடினமான பகுதி எது? தாளம். அது ஒன்றுதான் இலவசமாகக் கிடைக்கிறது! மட்டையைக் கடையில் வாங்கலாம். தாளத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பணக்காரர் பிள்ளையும் பழகித்தான் ஆக வேண்டும். கம்பு வைத்திருக்கும் பிள்ளையும் பழகினால் பெறலாம்.

"அப்படியானால் செட்டிநாட்டிலும் ஒரு கோல்ப் மைதானம் போடலாமே" என்று சிலருக்குத் தோன்றும்.

வேண்டாம்!

18 குழி மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். வெயில் கொளுத்தும் சீமையில் அந்தப் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாள்தோறும் பல லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். செட்டிநாடு மழையை நம்பிய பூமி. ஊர்தோறும் ஊருணி வெட்டி, சொட்டுத் தண்ணீரையும் சேர்த்து வைத்த முன்னோர்களின் பூமி. வளவு முற்றத்தில் விழும் மழையைக்கூட அண்டாவில் பிடித்துவைத்த வீடுகள் இங்கே உண்டு. குடிநீருக்கு ஆன தண்ணீரைப் புல்லுக்குக் கொட்டுவது நியாயம் ஆகாது. கோல்ப் மைதானத்தை மழை கொழிக்கும் மலையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது சுத்தம் செய்த கழிவு நீர் கிடைக்கும் பெரிய நகரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பழக்கத்துக்கு மைதானம் வேண்டியது இல்லை. பள்ளிக்கூடத்து வெறுந்தரை போதும்.

யார் செய்வது?

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. விளையாட்டு ஆசிரியர்கள் அங்கே உருவாகிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் கல்விக்காக வாரிக் கொடுத்த ஊர் அது. அங்கே பயிலும் வருங்கால ஆசிரியர்கள் இந்தத் துணிப் பாடத்தையும் கம்புப் பாடத்தையும் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டு போகலாம். வாரத்தில் ஒரு விளையாட்டு வகுப்பில் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். செலவு ஒரு கம்பு, ஒரு பழைய துண்டு.

நூறு பிள்ளைகள் பழகினால் நூறு பேரும் பட்டம் வெல்ல மாட்டார்கள். ஒருவர்கூட கோல்ப் மைதானத்தை மிதிக்காமல் போகலாம். போகட்டும். கம்பை நிதானமாகத் தூக்கி இறக்கப் பழகிய கை, பேனாவையும் நிதானமாகப் பிடிக்கும். சிலம்பத்திலும், கிரிக்கெட்டிலும், ஹாக்கியிலும் அந்தத் தாளம் கை கொடுக்கும். பரீட்சையில் முதல் கேள்வியைப் பார்த்ததும் பதறாமல் ஒரு கணம் நிற்கச் சொல்லும்.

இன்று வீடுகளில் எந்தப் பேச்சு அதிகம்? "சீக்கிரம் எழுது! சீக்கிரம் சாப்பிடு! சீக்கிரம் முதல் ரேங்க் வாங்கு!" பிள்ளை இரண்டு மாதம் ஒரு பாட்டோ ஆட்டமோ பழகுவதற்குள் "மேடை ஏறினானா? பரிசு வாங்கினானா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் நிறுத்திவிடுகிறார்கள். மட்டை உச்சிக்குப் போகும் முன்பே பிடுங்கி இழுக்கும் கதைதான் இது! பிள்ளை வளர்வதற்கும் மூன்று பங்கு நேரம் ஏற்றம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுத்தால், இறங்கும் ஒரு பங்கு தானே பாயும்.

ஆகவே பெற்றோர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. இன்று மாலை ஒரு பழைய துண்டில் முடிச்சுப் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுங்கள். "தகதிமி தா" என்று சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைக்கும் கொடுங்கள். துண்டு துவண்டால் திட்டாதீர்கள். நாளைக்கும் கால் மணி நேரம். நாளை மறுநாளும் கால் மணி நேரம்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஆனால் அந்த அடி தாளத்தோடு விழ வேண்டும்!